மாசு விதியைத் தளர்த்தினால் தொழில் வளருமா? திருப்பூரில் நடந்தது இதுதான்!

"விதிகளை இறுக்கினால் தொழில் எப்படி பிழைக்கும்?" இந்தக் கேள்விக்குத் திருப்பூரிலேயே பதில் இருக்கு.

என்ன பிரச்னை?

பனியன் துணிக்குச் சாயம் ஏற்ற ஏராளமான தண்ணீரும் உப்பும் தேவை. பல வருஷமாக அந்தக் கழிவு நொய்யல் ஆற்றில்தான் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையானது. கிணறுகள் உப்பாயின. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள்.

கோர்ட் என்ன செய்தது?

சொட்டுக் கழிவுநீர்கூட வெளியேறக் கூடாது என 2006-ல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. அது நடக்காததால், 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. பலருக்கு வேலை போனது.

மீண்டது எப்படி?

அரசு விதியைத் தளர்த்தவில்லை. பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ரூ.200 கோடி வட்டியில்லாக் கடன் அறிவித்தது. இப்போது கழிவுநீரை ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்து, மிச்சத்தை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கிறார்கள். தண்ணீர் மறுபடியும் சாயமேற்றவே போகிறது.

நஷ்டமே இல்லையா?

இருக்கு. சாயமேற்றும் செலவு கூடியது. சின்ன பட்டறைகள் திணறின. ஆனாலும் திருப்பூரின் ஏற்றுமதி, ரூபாய் மதிப்பில், 2011-ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

விதியைத் தளர்த்தியிருந்தால் அந்தச் செலவு காணாமல் போயிருக்காது. ஈரோடு, கரூர் பக்கத்து விவசாயியின் கிணற்றில் போய் விழுந்திருக்கும். அடுத்த தடவை யாராவது "விதியைத் தளர்த்துங்க" என்றால், "செலவு யார் தலையில்?" என்று கேளுங்க.