தலைக்கு மேல் வேலை!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி. கொல்லைப்புறத்தில் துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். இடுப்பில் பழைய லுங்கி. தலையில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கொழகொழப்பு, காதோரம் வழிந்து தோளில் சொட்டிக்கொண்டிருக்கிறது. மதில் மேல் இரண்டு காக்காய்கள், 'இது சாப்பிடுகிற பொருளா, இல்லையா?' என்று தீவிர ஆலோசனையில் இருந்தன.

அந்த நேரம் பார்த்து வாசலில் தரகர் குரல். கூடவே ஒரு பெரியவர்.

"இந்தப் பக்கமா ஒரு விசேஷத்துக்கு வந்தோம்மா. அப்படியே மாப்பிள்ளையையும் ஒரு கண்ணு பாத்துட்டுப் போயிடலாமேன்னு..."

பெண்ணைப் பெற்றவர்!

அப்புறம் என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நான் ஏன் அந்தக் கோலத்தில் இருந்தேன் என்பதற்கு முதலில் முன்கதைச் சுருக்கம்.

மூன்று மாவட்டம் கண்ட தலை

அடியேனுக்கு ஊர் சின்னசேலம். "சேலத்துக்குப் பக்கத்துலயா?" என்பீர்கள். சேலம் - விருத்தாசலம் ரயில் பாதையில் இருக்கிறோம், அவ்வளவுதான். நான் பிறந்தது தென்னாற்காடு மாவட்டம். 1993-ல் அது பிரிந்து விழுப்புரம் மாவட்டம் ஆனது. பள்ளிக்கூடம் போனது அதில். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் உதயமானது. முடி கொட்ட ஆரம்பித்தது இதில். வீடு மட்டும் அதே தெருவில், அதே இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் கண்டுபிடித்துச் சொன்னவர் சலூன்கார அண்ணன்தான். கத்திரியை நிறுத்திவிட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்: "தம்பி, மேல கொஞ்சம் லேசாயிடுச்சு போலிருக்கே?"

பின்பக்கம் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். அதில் தெரிந்தது என் தலை இல்லை சார், எங்கப்பா தலை! சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து நான் தாளம் போட்ட அதே மண்டை. அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. தலையை மட்டும் எனக்கு எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

வயது 34. ஜாதகம் நாலு இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதோடு போகிற போட்டோவோ ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. அதில் எனக்குக் காடு மாதிரி முடி. பதற்றம் வராதா?

பதற்றத்தில் முதலில் செய்த காரியம், 3,200 ரூபாய்க்கு ஒரு எண்ணெய் வாங்கியது. பேர் வேண்டாம். 'நாற்பதே நாளில் புது முடி' என்றார்கள். நாற்பது நாளில் தலையணை உறைதான் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. கல்வராயன் மலையிலிருந்து கடுக்காய் இறங்குகிற ஊர்ப்பக்கத்தில் இருந்துகொண்டு, எனக்கே கடுக்காய் கொடுத்துவிட்டார்கள்!

பி.காம். சொன்ன பாடம்

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் ஒரு உண்மை உறைத்தது. பி.காம். முதல் வருஷத்தில் 'மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு' என்று இரண்டு சொல்லிக் கொடுப்பார்கள். லாரி வாங்கினால் மூலதனச் செலவு. இருக்கிற லாரிக்கு ஆயில் மாற்றினால் வருவாய்ச் செலவு. எத்தனை டின் ஆயில் ஊற்றினாலும் ஒரு லாரி இரண்டு லாரி ஆகாது.

தலையில் பூசுகிற வெந்தயம், தயிர், கற்றாழை, செம்பருத்தி எல்லாமே ஆயில் மாற்றுகிற வகை. இருக்கிற முடியை மென்மையாக்கும், உடையாமல் பார்த்துக்கொள்ளும். புது முடியை முளைக்க வைக்காது.

காரணம் எளிது. தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடிக்கு உயிர் கிடையாது. அது கெரட்டின் என்கிற புரதம், நகம் மாதிரி. உயிர் இருப்பது தோலுக்கு அடியில் உள்ள வேர்க்காலில். அங்கே மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. சராசரித் தலையில் 1 லட்சம் முடி. அதில் தினமும் 50 முதல் 100 வரை உதிர்வது சாதாரணம். சீப்பில் பத்து முடியைப் பார்த்துவிட்டு அன்றைக்கு ஆபீசுக்கு லீவு போடவேண்டாம்.

நெற்றி ஏறுவதும் உச்சி தேய்வதும் வேறு இலாகா. அது பரம்பரையும் ஆண் ஹார்மோனும் சேர்ந்து செய்கிற கூட்டு வியாபாரம். 1942-ல் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்கர், பருவம் வருவதற்கு முன்பே விதை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று எழுதினார். ஆக, வழுக்கைக்கு நிச்சயமான தடுப்பு ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம்!

யாரையும் காணோமே?

கூரையும் ஓடும்

சரி, முளைக்காது என்றால் எதற்கு இந்தப் பூச்சு?

பெரும்பாலான ஆண்களின் தலையைக் கொஞ்சம் தொட்டுப் பாருங்கள். தென்னை நார்! உடம்புக்குப் போடுகிற சோப்பையே ஒரு இழுப்பு மேலேயும் இழுத்துவிட்டுப் பஸ் பிடிக்க ஓடுகிற ஜாதி நாம். எங்கள் வீட்டு போர் தண்ணீர், பக்கெட்டில் வெள்ளையாகப் படிகிற ரகம். அந்தத் தண்ணீரும் சோப்பும் சேர்ந்தால் ஒரு பிசுக்கு உண்டாகி முடியில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேல் ஹெல்மெட், வியர்வை, வெயில், பைக் காற்று.

முடியின் மேற்பரப்பு ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி, செதில் செதிலாக ஒன்றின் மேல் ஒன்று படிந்திருக்கும். சோப்பு காரம், காரம் பட்டால் ஓடு தூக்கிக்கொள்ளும். தூக்கிய ஓடுகள் சீப்பில் மாட்டி உரசி, உடையும். 'கொட்டுகிறது' என்று நாம் அலறுவதில் ஒரு பங்கு இப்படி உடைவதுதான். வேரோடு விழுந்த முடியின் நுனியில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருக்கும், உடைந்ததில் இருக்காது. இந்த உடைசலைத்தான் வீட்டுப் பூச்சு குறைக்கிறது. இருக்கிற 1 லட்சத்தைக் காப்பாற்றினால் அதுவும் லாபம்தானே!

இதில் ஒரு ஊர்ப் பெருமை. ஷாம்புவைச் சின்னப் பொட்டலமாக்கிப் பெட்டிக்கடையில் தொங்கவிட்ட வழி எங்கள் பழைய தென்னாற்காட்டின் தலைநகரான கடலூரில் பிறந்தது. சின்னிகிருஷ்ணன் என்பவர் அந்த யோசனைக்கு வித்திட்டார். குடும்பத்தார் 'வெல்வெட்' ஷாம்பு விற்றார்கள். மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாயோடு தனியே வந்து 'சிக்' ஷாம்பு ஆரம்பித்தார். 'ஷாம்பு' என்ற சொல்லே இந்தியச் சரக்குதான். இந்தியில் 'சாம்போ' என்றால் பிடித்து அமுக்கிவிடு என்று அர்த்தம். பாட்னாவிலிருந்து போன ஷேக் தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் குளியல் நிலையம் வைத்து, ராஜாவுக்கே மசாஜ் செய்தார். மசாஜ் அவர்களுக்கு, நுரை நமக்கு!

அம்மாவின் நான்கு அயிட்டம்

இனி செய்முறை. ஆண்கள் தலைக்குத் தேவையான அளவுதான் சொல்கிறேன். அக்கா, தங்கைகள் இரண்டு மடங்காக்கிக்கொள்ளலாம்.

ஒன்று: தேங்காய் எண்ணெய். தலைக்குக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன் 2 டீஸ்பூன், நுனி வரை. மும்பையைச் சேர்ந்த ரேலே, மொஹிலே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2003-ல் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் சோதித்து, முடியிலிருந்து புரதம் கழன்று போவதைத் தேங்காய் எண்ணெய் ஒன்றுதான் நன்றாகக் குறைத்தது என்று வெளியிட்டார்கள். அவர்கள் வேலை பார்த்ததே தேங்காய் எண்ணெய் விற்கிற கம்பெனி என்பதால், 'காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்று நினைக்கலாம். ஆனால் காரணம் சரியாகவே இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் அதிகம் இருக்கும் லாரிக் அமிலம் சின்ன, நேரான மூலக்கூறு, முடிக்குள்ளேயே நுழைந்துவிடும். மினரல் ஆயில் வாசலோடு நின்றுவிடும்.

இரண்டு: வெந்தயம், தயிர். 2 டீஸ்பூன் வெந்தயத்தை ராத்திரி ஊறவைத்து, காலையில் நைசாக அரைத்து, 2 ஸ்பூன் தயிர் கலந்து பூசி, 20 நிமிஷம். வெந்தயத்தின் கொழகொழப்பு முடியின் மேல் மெல்லிசாகப் படிகிறது. தயிரின் லேசான புளிப்பு தூக்கிய ஓட்டைப் படிய வைக்கிறது. அரைவை நைசாக இல்லாவிட்டால் திங்கட்கிழமை ஆபீசில் தலையிலிருந்து வெந்தயம் உதிரும். மேனேஜர் பொடுகு என்று நினைப்பார். அனுபவம் பேசுகிறது.

மூன்று: செம்பருத்தி இலை, கஞ்சி. பத்துப் பதினைந்து இலையைக் கழுவி, ஆறிய வடிகஞ்சி விட்டு அரைத்து வடிகட்டிப் பூசுவது. குக்கர் வந்தபின் வடிகஞ்சி அபூர்வம். எங்கள் வீட்டில் இன்னும் வடிக்கிறோம்.

நான்கு: சோற்றுக் கற்றாழை. மடலை வெட்டிய கையோடு தலையில் தேய்க்காதீர்கள். சாய்த்து வைத்து, மஞ்சளாக வடிகிற பாலை முழுக்க வெளியேற்ற வேண்டும். தோலை அரிக்க வைப்பது அதுதான். பிறகு உள்ளே இருக்கும் சோற்றை நன்றாகக் கழுவிப் பூசுங்கள்.

அலசுவதற்குச் சீயக்காய் அல்லது அரப்பு. அரப்பு என்பது உசிலை மரத்து இலைத் தூள். மிதமாக அழுக்கெடுக்கும், சோப்பு மாதிரி ஒரேயடியாக உரிக்காது. கண்ணில் பட்டால் மட்டும் கடன்காரனைப் பார்த்த மாதிரி கலங்கும்.

வாரத்துக்கு ஒரு தடவை போதும். எதைப் பூசினாலும் முதல் நாள் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி 24 மணி நேரம் பாருங்கள். அரித்தால் அது உங்களுக்கு ஆகாது.

கூடாதவை

எலுமிச்சைச் சாற்றை நேராகத் தேய்த்துக்கொண்டு வெயிலில் நிற்காதீர்கள், தோல் புண்ணாகும். கடுக்காய் நல்ல பண்டம்தான். ஆனால் துவர்ப்பு அதிகம், தோல் பதனிட உபயோகப்படும் சரக்கு. மண்டைத் தோலைப் பதனிடும் உத்தேசம் இல்லாவிட்டால், வறண்ட முடிக்கு அது வேண்டாம். முட்டை பூசினால் வெந்நீரில் அலசாதீர்கள். என் சிநேகிதன் அலசினான். முடியிலிருந்து ஆம்லெட்டைப் பிய்த்தெடுக்க ஒரு மணி நேரம் ஆனது.

பொடுகு இருக்கிறவர்கள் எண்ணெயை ஊற வைக்கக் கூடாது. பொடுகுக்குக் காரணமான ஒரு வகைப் பூஞ்சைக்கு எண்ணெய்தான் சாப்பாடு. விருந்தாளியை விரட்ட நினைத்துக்கொண்டு இலை போட்டுப் பரிமாறுகிறோம்!

டெங்கு, டைபாய்டு மாதிரி காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் சில மாதத்தில் தானே திரும்பிவிடும். காசு அளவுக்கு வட்டமாகக் கொட்டினாலோ, அரிப்பு, புண் இருந்தாலோ, இல்லை என் மாதிரி உச்சி தேய்ந்தாலோ, நேராகத் தோல் டாக்டரிடம் போங்கள். ரத்தசோகையா, தைராய்டா என்று அவர் பார்ப்பார். வழுக்கைக்கு மினாக்ஸிடில், ஃபினாஸ்டரைடு என்று நிரூபணமான மருந்துகள் இருக்கின்றன. இருக்கிறதைத் தக்கவைக்கும், சிலருக்குக் கொஞ்சம் வளரவும் வைக்கும். நிறுத்தினால் பழைய கதை. பக்கவிளைவும் உண்டு என்பதால் டாக்டர் சொல்லாமல் தொடக்கூடாது. அந்த 3,200 ரூபாயோடு நான் முதலில் போயிருக்க வேண்டிய இடம் அதுதான்.

மீண்டும் கொல்லைப்புறம்

எழுந்து ஓடக்கூட அவகாசம் இல்லை. பெரியவர் விறுவிறுவென்று கொல்லைக்கே வந்துவிட்டார். தலையில் நல்ல பளபளப்பான, முழு வழுக்கை. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வெந்தயமா தம்பி?"

"ஆமாங்க... தயிரும்."

"நானும் ஒங்க வயசுல கரிசலாங்கண்ணி, வெங்காயச் சாறுன்னு பூசாதது இல்ல. நிக்கல." தலையைத் தடவிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "போட்டோவுல முடி நெறைய இருந்துச்சே?"

அம்மா சமையலறை வாசலில் நின்று எனக்குக் கண் ஜாடை காட்டினாள். தரகர் தொண்டையைக் கனைத்தார். எனக்கு என்னவோ அப்பா ஞாபகம் வந்தது. இந்த மண்டையை அவர் ஒரு நாளும் துண்டு போட்டு மறைத்ததில்லை.

"அது ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி எடுத்ததுங்க. இப்ப இவ்வளவுதான்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி குடித்தார். போகும்போது, "சீக்கிரம் அலசிடுங்க தம்பி, சளி புடிச்சுக்கும்" என்றார்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் போன் செய்தார். "புது போட்டோ ஒண்ணு கேக்குறாங்க. பொண்ணு பாக்கணுமாம்."

ஸ்டூடியோவுக்குப் போனேன். தம்பி கம்ப்யூட்டரில் என் தலையைப் பெரிசாக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "முன்னாடி கொஞ்சம் நெரப்பிடட்டுமா சார்? அம்பது ரூபா தனி."

இல்லாத சொத்தை ஐந்தொகையில் காட்டினால் என்ன ஆகும் என்று எனக்கு மூன்று வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். "வேண்டாம்ப்பா, இருக்கிறபடி போடு" என்றேன்.

போட்டோ போய் மூன்று வாரம் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை. சனிக்கிழமை ராத்திரி ஆனால் அம்மா மட்டும் தவறாமல் வெந்தயம் ஊறப்போட்டுவிடுகிறாள்.