‘நியூ அரைவல்... சூப்பர் கலர்... விலைக்கு டிஎம்!’ - சேலைக்கு கேப்ஷன் எழுதப் பழகலாமா?

காலையில் போனை எடுத்ததும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஐந்து சேலை. இன்ஸ்டாகிராமைத் திறந்தால் அங்கே பத்து. எல்லாவற்றுக்கும் கீழே ஒரே வாசகம்: ‘நியூ அரைவல், பியூட்டிஃபுல் கலர், லிமிடெட் ஸ்டாக், விலைக்கு டிஎம் பண்ணுங்க!’ படங்களை இடம் மாற்றிப் போட்டால்கூட யாருக்கும் வித்தியாசம் தெரியாது. சேலை பத்து விதம், எழுத்து மட்டும் ஒரே விதம்.

வீட்டிலிருந்தே சேலை, சுடிதார், பிளவுஸ் விற்கும் பெண்கள் இன்று தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். சரக்கு எடுக்கத் தெரிகிறது, பார்சல் கட்டத் தெரிகிறது. எழுதுவதுதான் தடுமாற்றம். ‘நமக்கென்ன, பக்கத்துப் பேஜில் இருப்பதை காப்பி அடித்துப் போட்டால் போச்சு’ என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஒரு போன் வரும்வரை.

ஒரு வார்த்தை செய்த வேலை

என் அண்ணி சேலை விற்கத் தொடங்கியபோது, ‘உனக்குத்தான் தமிழ் நல்லா வருமே’ என்று எழுதும் வேலையை என் தலையில் கட்டினார். மொத்த வியாபாரி அனுப்பும் படத்தோடு அவர் எழுதியிருப்பதையே கொஞ்சம் மெருகேற்றிப் போடுவேன். அப்படி ஒரு காட்டன் சேலைக்கு, அவர் சொன்னபடியே ‘அசல் கைத்தறி’ என்று போட்டேன். பதினோரு சேலை விற்றது. எங்களுக்கு அது பெரிய கணக்கு.

பத்து நாள் கழித்துத் திருநெல்வேலியிலிருந்து ஒரு அம்மா பேசினார். குரலில் கோபமே இல்லை. “ஏம்மா, சேலை நல்லாத்தான் இருக்கு. அதை உடுத்திக்கிட்டுத்தான் பேசுதேன். ஆனா கைத்தறின்னு போட்டிருந்தியே... நான் தறிக்குழி பக்கத்துல விளையாடி வளந்தவ. இது விசைத்தறி. பணம் திருப்பி வேண்டாம். அந்த எழுத்தை மட்டும் மாத்திரு.”

வியாபாரியைக் கேட்டோம். “எல்லாரும் அப்படித்தானே போடுறாங்க” என்றார். அன்று சாயங்காலமே அண்ணி மற்ற பத்துப் பேருக்கும் போன் செய்து உண்மையைச் சொன்னார். மூன்று பேர் சேலையைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த மாத லாபம் அதோடு சரி. “போனா போகுது, பேர் போகாம இருந்தா சரி” என்றார் அண்ணி. எனக்குத்தான் இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. எழுதினது நான் அல்லவா!

அதற்குப் பிறகுதான் எழுதக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதலில் சேலையைப் படியுங்கள்

எழுத உட்காரும் முன் சேலையை விரித்து, தொட்டுப் பார்த்து, ஆறு கேள்விகள் கேளுங்கள். என்ன நூல்? கைத்தறியா, விசைத்தறியா? நீளம் எவ்வளவு, பிளவுஸ் துணி சேர்த்தா, தனியா? ஜரிகை எப்படிப்பட்டது? சாயம் போகுமா? எப்படித் துவைக்க வேண்டும்? பதில் தெரியாததை வாங்கிய இடத்தில் கேளுங்கள். அங்கேயும் தெரியவில்லை என்றால் எழுதாதீர்கள்.

ஆறு மீட்டருக்கு மேல் என்று பொத்தாம்பொதுவாகப் போடாமல் டேப் வைத்து அளந்து போடுங்கள். சேலை பொதுவாக ஐந்தரை மீட்டர், பிளவுஸ் துணியோடு சேர்த்து 6.2 அல்லது 6.3 மீட்டர் இருக்கும். உயரமான பெண்ணுக்கும், கொசுவம் நிறைய வைத்துக் கட்டுபவருக்கும் அந்தச் சில அங்குலம் முக்கியம்.

வார்த்தைகளிலும் பொறி இருக்கிறது. ‘ஆர்ட் சில்க்’ என்றால் கலைநயமான பட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த ‘ஆர்ட்’ செயற்கை என்பதன் சுருக்கம். அது பட்டே இல்லை. ‘சில்க் காட்டன்’ என்பது பட்டும் பருத்தியும் கலந்து நெய்தது. ‘சாஃப்ட் சில்க்’ என்ற பெயரில் நிஜப் பட்டும் வருகிறது, பாலியஸ்டரும் வருகிறது. சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் தொங்கும் நூலில் ஒன்றைப் பிய்த்து, ஜாக்கிரதையாகக் கொளுத்திப் பாருங்கள். பட்டு என்றால் தலைமுடி கருகும் வாசனை வரும். சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகிக் குண்டுமணிபோல இறுகிவிடும்.

நிறத்துக்கு நம்மிடம் இல்லாத பெயரா?

‘கிரீன் கலர் சாரி’ என்று எழுதுகிறோம். எந்தப் பச்சை? கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, இலைப்பச்சையா? அரக்கு, வாடாமல்லி, வெந்தய நிறம், சந்தன நிறம், மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ என்று நம் பாட்டிகள் வாயில் புழங்கிய பெயர்கள் இருக்கும்போது ‘டார்க் பிங்க், லைட் பிங்க்’ எதற்கு? ‘வாடாமல்லி’ என்று எழுதிப் பாருங்கள். படம் லோடு ஆகும் முன்பே மனசுக்குள் நிறம் வந்துவிடும்.

பெயர் வைத்து விற்பது நம் கடைவீதிக்குப் புதிதும் அல்ல. எம்.எஸ்.சுப்புலட்சுமி உடுத்திய நீலம் ‘எம்.எஸ். ப்ளூ’ ஆனது, இன்றும் பட்டுக்கடையில் அப்படிக் கேட்டால் எடுத்துப் போடுவார்கள். 1985-ல் ‘பூவே பூச்சூடவா’ வந்த பிறகு கம்மலும் வளையலும் ‘நதியா’ பெயரிலேயே விற்றன. இன்ஸ்டாகிராம் பிறந்ததே 2010-ல்தான். கேப்ஷன் எழுதும் கலை நம் கடைக்காரர்களுக்கு அதற்கு முன்பே தெரியும்!

டிசைனுக்கும் அப்படியே. மயில்கண், ருத்ராட்சம், வைரஊசி, கோபுரக் கரை, அன்னப்பட்சி, யாளி என்று பெயர் தெரிந்து எழுதினால், ‘இவங்களுக்குச் சேலை தெரியும்’ என்று வாங்குபவருக்கு நம்பிக்கை வரும். பெயர் தெரியாவிட்டால் பெரியவர்களைக் கேளுங்கள். அவர்களுக்கும் சந்தோஷம்.

முதல் இரண்டு வரி

இன்ஸ்டாகிராமில் ஒரு கேப்ஷனுக்கு 2,200 எழுத்துகள்வரை இடம் உண்டு. ஆனால், படத்தின் கீழே முதலில் கண்ணில் படுவது ஓரிரண்டு வரிகள்தான். மீதியைப் படிக்க ‘மோர்’ என்பதைத் தொட வேண்டும். அந்த இரண்டு வரியை ‘நியூ அரைவல்’ தின்றுவிடக் கூடாது. அந்தச் சேலையை யார், எங்கே, எப்போது உடுத்துவார் என்று யோசித்துத் தொடங்குங்கள்.

நாங்கள் முன்பு எழுதியது இப்படி:

‘பியூட்டிஃபுல் காட்டன் சாரி! சூப்பர் குவாலிட்டி! லிமிடெட் ஸ்டாக்! விலைக்கு டிஎம்!’

இப்போது எழுதுவது இப்படி:

‘சித்திரை வெயிலில் பஸ் ஏறி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சேலை. விசைத்தறி காட்டன். பாசிப்பச்சை உடல், அரக்குக் கரை. நீளம் 5.5 மீட்டர், பிளவுஸ் துணி தனியாக 80 செ.மீ. முதல் இரண்டு தடவை தனியாக அலசுங்கள், கொஞ்சம் சாயம் போகும். கஞ்சி போட்டால் மடிப்பு நிற்கும். விலை ரூ.750, தபால் செலவு தனி.’

இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. ஆனால், வாங்குபவர் கேட்கக்கூடிய கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு இதிலேயே பதில் இருக்கிறது. ‘சாயம் போகும்’ என்று எழுதினால் யார் வாங்குவார்கள் என்று எனக்கும் பயம்தான். நடந்தது வேறு. ‘உண்மையைச் சொன்னீங்க’ என்றே இரண்டு பேர் ஆர்டர் போட்டார்கள்.

விலையை ஒளிக்காதீர்கள். விலை கேட்டு மெசேஜ் போடக் கூச்சப்படுபவர்கள் நிறைய. அவர்கள் பேசாமல் அடுத்த பேஜுக்கு நகர்ந்துவிடுவார்கள். ஹேஷ்டேகும் அளவோடு போதும். ‘ஃபேஷன்’ என்று போட்டால் கோடிக்கணக்கான பதிவுகளுக்கு நடுவே தொலைந்து போவீர்கள். துணி, நிறம், ஊர், எந்த விசேஷத்துக்கு ஏற்றது என்று குறிப்பாகப் போடுங்கள்.

எழுதி முடித்ததும் சத்தமாக ஒருமுறை வாசியுங்கள். எதிரில் நிற்கும் அத்தையிடம் இப்படிச் சொல்வீர்களா? ‘ஆமாம்’ என்றால் போஸ்ட் போடலாம். டைப் செய்யச் சிரமமாக இருந்தால், போனில் தமிழில் பேசியே எழுத்தாக்கலாம். பேச்சுவழக்கின் உயிர் அதில் தானாக வந்துவிடும்.

படமும் பேச வேண்டும்

பெரிய கேமரா தேவையில்லை. முதல் வேலை, போனின் லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடைப்பது. எண்ணெய்க் கை பட்டிருந்தால் எந்தச் சேலையும் மங்கல்தான். உச்சி வெயில் வேண்டாம். காலை வெளிச்சம் வரும் ஜன்னல் ஓரம் போதும். ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் நிறம் மாறித் தெரியும்.

அரக்கு, கருநீலம் போன்ற அடர்நிறங்களை போன் தானாகவே வெளுப்பாக்கிக் காட்டும். திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள். வெள்ளையும் சந்தன நிறமும் சாம்பல் பூத்ததுபோல் வரும், கொஞ்சம் கூட்டுங்கள். எடுத்த படத்தைச் சேலையின் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துவரவில்லையா? ‘நேரில் ஒரு சாயல் அடர்த்தியாக இருக்கும்’ என்று எழுதிவிடுங்கள்.

ஒரு சேலைக்கு ஐந்து படம்: உடுத்திய முழுத் தோற்றம், முந்தானை, கரை, நூல் தெரியும் அளவுக்கு நெருக்கமாக ஒன்று, பின்பக்கம் ஒன்று. பின்பக்கத்தைக் காட்டும் பேஜ்கள் குறைவு. துணி தெரிந்தவர்கள் முதலில் தேடுவது அதைத்தான். பத்து வினாடி வீடியோவில் சேலையை உதறிக் காட்டுங்கள். துணியின் கனமும் விழும் விதமும் அதில் தெரியும். ரீல்ஸுக்கு போனை நிமிர்த்தியே பிடியுங்கள்.

ஸ்டைலிங் என்றால் நகைக்கடையைக் கழுத்தில் மாட்டுவது அல்ல. கனமான ஜரிகைக்கு ஒற்றைச் சங்கிலி, ஒற்றை நிற காட்டனுக்கு ஒரு ஜிமிக்கி, வேறு நிறத்தில் ஒரு பிளவுஸ் என்று ஏதாவது ஒன்று பேசட்டும். மற்றது அடக்கி வாசிக்கட்டும். பின்னணியில் துணிக்கொடியும் கேஸ் சிலிண்டரும் வேண்டாம். வெள்ளைச் சுவர், மரக்கதவு, திண்ணை போதும்.

இன்னொன்று, முகத்தை வெளுக்க வைக்கும் ஃபில்டரைப் போடாதீர்கள். முகத்தோடு சேலையின் நிறமும் மாறிவிடும். மாநிறமோ கறுப்போ, உங்கள் நிறத்திலேயே உடுத்திக் காட்டினால்தான், அதே நிறத்தில் இருக்கும் ஆயிரம் பெண்கள் ‘இது எனக்குப் பொருந்தும்’ என்று நம்புவார்கள். ‘ஒல்லியாகக் காட்டும்’, ‘கலராகக் காட்டும்’ போன்ற வாசகங்களையும் விட்டுவிடலாம். ஒருத்தியைக் குறைத்துச் சொல்லித்தான் இன்னொருத்திக்கு விற்க வேண்டுமா?

சட்டமும் கவனிக்கிறது

‘சில்க் மார்க்’ முத்திரை இருந்தால் அது அசல் பட்டு என்று அர்த்தம். கைத்தறியா, ஜரிகை எப்படி என்பதை அது சொல்லாது. கைத்தறிக்கு 2006-ல் அறிமுகமான ‘ஹேண்ட்லூம் மார்க்’ தனி. செட்டிநாடு கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எங்கோ நெய்த கட்டம்போட்ட சேலைக்கெல்லாம் அந்தப் பெயரைச் சூட்டினால், அது காரைக்குடிப் பக்கம் தறியில் உட்கார்ந்திருப்பவரின் கூலியில் கைவைப்பதுதான். முத்திரை இருந்தால் அதைப் படம் எடுத்துப் போடுங்கள்; இல்லாவிட்டால் அந்த வார்த்தை வேண்டாம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 தவறான விளம்பரத்துக்கு உற்பத்தியாளருக்கும், பொருளைப் பரிந்துரைப்பவருக்கும் ரூ.10 லட்சம்வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஒரு கடை இலவசமாகச் சேலை கொடுத்து ரீல்ஸ் போடச் சொன்னாலும் அது விளம்பரம்தான். தமிழில் பேசினால், ‘விளம்பரம்’ என்று தமிழிலேயே பளிச்செனத் தெரியும்படி போட வேண்டும். அடுத்த பேஜின் படத்தைச் சுட்டு, பெயரை மட்டும் அழித்துப் போடுவதும் கூடாது. அந்தப் படம் எடுத்தவருக்கே சொந்தம்.

தினம் ஒரு சேலை

எழுத்து கைவர ஒரு நோட்டு போதும். தினம் ஒரு சேலையைப் பார்த்து ஐந்து வரி எழுதுங்கள். ‘சூப்பர், பியூட்டிஃபுல், செம’ மூன்றுக்கும் தடை! அடுத்தமுறை ஜவுளிக்கடைக்குப் போகும்போது விற்பனையாளர் பேசுவதைக் காதில் வாங்குங்கள். சேலையை ஒரே வீச்சில் விரித்து, முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டி, ‘அக்கா, சீமந்தத்துக்கு இதை எடுங்க, போட்டோல எடுப்பா தெரியும்’ என்பார். அதைவிட நல்ல பாடம் எந்த ஆன்லைன் வகுப்பிலும் கிடைக்காது.

திரும்பி வந்த அந்த மூன்று சேலைகளையும் ‘விசைத்தறி’ என்று எழுதியே மறுபடி போட்டோம், விலையைக் குறைத்து. போய்விட்டன.

திருநெல்வேலி அம்மாவின் எண் அண்ணியின் போனில் ‘தறி வீட்டம்மா’ என்று இருக்கிறது. புதுச் சரக்கு வந்தால் என் எழுத்து முதலில் போவது அவருக்குத்தான். போன வாரமும் பதில் வந்தது, வாய்ஸ் மெசேஜாக: “எல்லாம் நல்லா எழுதியிருக்க தாயி. ஆனா அந்தக் கரையில இருக்கது மயில்கண் இல்ல, ருத்ராட்சம். மாத்திரு.”

மாற்றிவிட்டேன்.