குப்பத்துக்கு இரண்டு ஷெல்லிகள்

ஆங்கில வகுப்பில் புரியாமல் நிற்கும் கவிதைக்கு வீட்டு மொழியிலேயே சாவி இருக்கிறது.

ஆந்திர மாநிலத்தின் தென்கோடியில் இருக்கிறது குப்பம். ஒரு பக்கம் தமிழ்நாடு, இன்னொரு பக்கம் கர்நாடகம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள் இங்கே சகஜம். கன்னடமும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இத்தனை மொழிகளுக்கு நடுவே அநாயாசமாக நடமாடும் ஒரு பிள்ளை, மேல்காற்றைப் பற்றி ஷெல்லி எழுதிய கவிதைக்கு முன்னால் மட்டும் திணறினால் குற்றம் யாருடையது?

'ஓட் டு தி வெஸ்ட் விண்ட்' பல தலைமுறைகளாக இந்திய மாணவர்களுக்குப் பாடமாக வந்திருக்கும் கவிதை. ஐந்து பகுதிகள், பகுதிக்கு 14 வரிகள், மொத்தம் 70. 1819-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில், இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரை ஒட்டிய ஆர்னோ நதிக்கரைத் தோப்பில் புயலும் மழையும் திரண்டு வந்த ஒரு நாளில் பிறந்தது. கவிஞருக்கு அப்போது வயது 27. அதே ஆண்டு ஆகஸ்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய ஜனங்கள் மீது குதிரைப்படை பாய்ந்திருந்தது. சேதி கேட்டுக் கொதித்தவர் ஷெல்லி. பழையதை உதிர்த்துப் புதியதை விதைக்கும் காற்றாக அவர் மேல்காற்றைக் கண்டதற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம்.

நோட்ஸ் புத்தகத்துக்கு இதெல்லாம் தேவையில்லை. கருத்துச் சுருக்கம், அணிகள், ஐந்து மார்க் வினா. தேர்வு முடிந்ததும் காற்றும் நின்றுவிடும்.

பருவமும் ஒரு தடை. ஃபிளாரன்ஸில் இலை உதிர்ந்த பின் குளிர்காலம், அதன் பின் வசந்தம். இங்குள்ள காடுகளில் இலை கொட்டுவது மாசி, பங்குனியில், கோடைக்கு முன்னால். அங்கே இலை உதிர்ந்தால் நடுக்கம், இங்கே வியர்வை. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் பாடம் நடத்தினால் பாதிக் கவிதை புரியாது. சொல்லிவிட்டாலோ கதவு திறக்கும். தமிழில் நான்கு திசைக் காற்றுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, மேற்கிலிருந்து கோடை. அம்மியையும் பறக்க வைக்கும் என்று பழமொழி சொல்லும் ஆடிக்காற்றும் மேற்கிலிருந்து வருவதுதான். குப்பத்துப் பிள்ளைக்கு மேல்காற்றை அறிமுகப்படுத்த இங்கிலாந்து போக வேண்டியதில்லை.

இந்த வழியில் ஏற்கெனவே நடந்தவர்கள் இருக்கிறார்கள். நெல்லையில் ஆங்கிலப் பள்ளியில் படித்த சுப்பிரமணிய பாரதி, அந்தப் படிப்பால் நன்மையைவிடத் தீமையே அதிகம் என்று தன் சுயசரிதையில் நொந்துகொண்டவர். ஆனால் வகுப்புக்கு வெளியே கண்டெடுத்த ஷெல்லியை அவர் விடவில்லை. எட்டயபுரத்தில் நண்பர்களைக் கூட்டி ஷெல்லி பெயரில் ஒரு சங்கம் நடத்தினார். 'ஷெல்லிதாசன்' என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். 1904-ல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராக வேலை பார்த்தது இந்த ஷெல்லிதாசன்தான்.

தெலுங்கில் நடந்தது வேறு மாதிரி. 1897-ல் பிறந்த தேவுலபல்லி கிருஷ்ண சாஸ்திரிக்கு ஆங்கில இலக்கிய ருசியை ஊட்டியவர்கள் பிதாபுரம் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களே. 1925-ல் அவருடைய 'கிருஷ்ணபட்சம்' வந்தது. பாவ கவித்துவம் என்ற புதிய போக்கின் முக்கியக் குரலான அவருக்கு 'ஆந்திர ஷெல்லி' என்றே பெயர் வந்தது. குப்பம் பேசும் இரு மொழிகளுக்கும் ஆளுக்கொரு ஷெல்லி!

பழைய சித்தூர் மாவட்டத்துக்கும் இதில் பங்குண்டு. அன்று அந்த மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியின் தியசாபிகல் கல்லூரியில் முதல்வராக இருந்தவர் ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கஸின்ஸ். 1919-ல் தாகூர் 'ஜன கண மன'வை ஆங்கிலமாக்கியது அவருடைய விருந்தினராகத் தங்கியிருந்தபோதுதான். ஷெல்லியின் கவிதைகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியவர் இந்த கஸின்ஸ்.

அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற ஆந்திர அரசு 2019-ல் ஆணையிட்டது. 2020-ல் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த வாதப் பிரதிவாதத்தில் ஆங்கிலம் பெரும்பாலும் வேலை வாங்கித் தரும் மொழியாகவே பேசப்பட்டது. வேலைக்கு ஆங்கிலம் வேண்டும்தான். ஆனால் பாரதிக்கும் கிருஷ்ண சாஸ்திரிக்கும் ஷெல்லி பயன்பட்டது, அவர்கள் தாய்மொழியைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்ததால் அல்ல. அதற்குள் அவரை அழைத்து வந்ததால்.

திராவிட மொழிகளை ஒரே கூரையின் கீழ் படிக்க 1997-ல் திராவிடப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டதும் இதே குப்பத்தில்தான். பல்கலைக்கழகம் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை மேல்காற்று பாடமாக வரும்போது ஆசிரியர் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "உங்கள் வீட்டில் இந்தக் காற்றை என்னவென்று சொல்வார்கள்?"