இலட்சத்தீவு: உல்லாச விடுதித் திட்டங்களும் தீவு மக்களின் கவலைகளும்

இலட்சத்தீவு என்பது அரபிக்கடலில், கொச்சியிலிருந்து சுமார் 220 முதல் 440 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள பவளத்தீவுக் கூட்டம் ஆகும். இந்தியாவின் ஒன்றியப் பகுதிகளில் இதுவே மிகச் சிறியது. 36 தீவுகளையும் சேர்த்தாலும் நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர்தான். அவற்றுள் 10 தீவுகளில் மட்டுமே மக்கள் நிலையாக வாழ்கின்றனர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473. இவர்களில் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினர்.

இத்தீவுகள் 1956 நவம்பர் 1 வரை சென்னை மாநிலத்தின் மலபார், தென் கன்னட மாவட்டங்களோடு இணைந்திருந்தன. அதன் பின்னரே தனி ஒன்றியப் பகுதியாயின. 1973 இல் இலட்சத்தீவு என்ற பெயர் வந்தது.

இங்குப் பெரிய உல்லாச விடுதிகளை அமைக்கும் திட்டங்கள் 2021 முதல் நாடு முழுவதும் பேசப்படுகின்றன. தீவு மக்களின் கவலைகள் யாவை, அவற்றுக்கு அறிவியல், சட்ட அடிப்படை என்ன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திட்டங்கள்

இலட்சத்தீவில் சுற்றுலா புதிதன்று. மக்கள் குடியிருப்பு இல்லாத பங்காரம் தீவில் பல ஆண்டுகளாகவே விடுதி நடந்து வந்துள்ளது. வெளியிலிருந்து வருவோர் நுழைவு அனுமதி பெற்றுத்தான் தீவுகளுக்குச் செல்ல இயலும். ஆகவே பயணிகள் எண்ணிக்கை நெடுங்காலம் கட்டுக்குள் இருந்தது.

2021 இல் மினிக்காய், கட்மத், சுகேலி ஆகிய மூன்று தீவுகளில் விடுதிகள் அமைக்கத் தனியாரிடம் ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டது. மினிக்காயில் 150, மற்ற இரு தீவுகளில் தலா 110 என மொத்தம் 370 அறைகள். மதிப்பிடப்பட்ட முதலீடு 806 கோடி ரூபாய். கரையில் கட்டப்படும் குடில்களோடு, கடலில் தூண்கள் நட்டு அவற்றின்மேல் கட்டப்படும் நீர்மேல் குடில்களும் இதில் அடங்கும். 2023 ஜனவரியில், டாட்டா குழுமத்தைச் சேர்ந்த இந்தியன் ஹோட்டல்ஸ் நிறுவனம் சுகேலியிலும் கட்மத்திலும் தலா 110 அறைகள் கொண்ட விடுதிகளை அமைக்கப்போவதாக அறிவித்தது. சுகேலியில் 50, கட்மத்தில் 35 என 85 அறைகள் நீர்மேல் குடில்கள்.

2024 ஜனவரியில் பிரதமர் இத்தீவுகளுக்குச் சென்று வந்தபின், மாலத்தீவுக்கு மாற்றாக இலட்சத்தீவு என்ற பேச்சு பரவலாக எழுந்தது. அதே ஆண்டு பிப்ரவரி 1 அன்று வந்த இடைக்கால வரவுசெலவுத் திட்டமும் இலட்சத்தீவில் துறைமுக, சுற்றுலா வசதிகளைப் பெருக்கப்போவதாகக் கூறியது.

தீவின் அமைப்பு

பவளத்தீவு மலையோ பாறையோ கொண்ட தீவு அன்று. பவள உயிரிகள் தம் சுண்ணாம்புக் கூடுகளால் கடலுக்குள் எழுப்பிய வளையமே அதன் அடித்தளம். அவ்வளையத்தின் ஓரிடத்தில் அலைகள் குவித்த பவள மணலே தீவு. வளையத்துக்கு உள்ளே அடங்கியிருக்கும் ஆழமற்ற, அமைதியான கடற்பகுதியைக் காயல் என்கிறோம். இலட்சத்தீவின் காயல்களின் பரப்பு சுமார் 4,200 சதுர கிலோமீட்டர். அதாவது நிலத்தைப் போல் 130 மடங்கு.

தீவுகள் கடல் மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர் உயரமே உள்ளவை. அலைகளின் வேகத்தைத் தணிப்பது பவள வளையம்தான். மணல் கரையாமல் நிற்பதும், மீன் கிடைப்பதும், கிணற்றில் குடிநீர் ஊறுவதும் ஒன்றையொன்று சார்ந்தவை. தீவு மக்களின் கவலைகளை இந்த அமைப்பிலிருந்துதான் புரிந்துகொள்ள வேண்டும்.

முதல் கவலை: காயல்

தீவு மக்களின் முதன்மைத் தொழில் சூரை மீன்பிடிப்பு. இங்கே பெரிய வலைகள் வீசுவதில்லை. காயலில் வாழும் சிறு மீன்களை உயிரோடு பிடித்து, படகில் நீர்த்தொட்டியில் வைத்துக்கொண்டு ஆழ்கடலுக்குச் செல்கின்றனர். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் அச்சிறு மீன்களைத் தூவி, கழித்தூண்டிலால் ஒவ்வொன்றாகச் சூரையைத் தூக்குகின்றனர். அம்மீனை வேகவைத்து, புகையிட்டு, வெயிலில் உலர்த்தினால் மாசி. நம் தென்மாவட்டச் சமையலில் இடம்பெறும் மாசிக் கருவாடு இதுவே.

சூரை ஆழ்கடலில் கிடைத்தாலும், அதைப் பிடிக்க வேண்டிய இரைமீன் காயலின் பவளத்தையும் கடற்புல்லையும் அண்டித்தான் வாழ்கிறது. நீர்மேல் குடில்களுக்குத் தூண் நடும்போதும், படகுத்துறைக்குத் தூர்வாரும்போதும் கிளம்பும் வண்டல் பவளத்தின்மேல் படிகிறது. பவள உயிரிக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளிச்சேர்க்கை செய்தே அதற்கு உணவு தருகின்றன. வண்டல் மூடினால் ஒளி தடைபடும். கழிவுநீர் கலந்தால் வேறு பாசிகள் பெருகிப் பவளத்தை மூடிவிடும். பவளம் அழிந்தால் இரைமீன் குறையும். இரைமீன் குறைந்தால் சூரைத் தொழில் நின்றுபோகும்.

இந்தப் பவளம் முன்பே நலிந்துள்ளது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானதால் 1998, 2010, 2016, 2024 ஆகிய ஆண்டுகளில் பவளம் பெருமளவில் வெளுத்தது. பங்காரம் பவள வளையத்தைச் சேர்ந்த பராளி என்னும் சிறு தீவுத்திட்டுகளில் ஒன்று அரிப்பினால் முழுவதும் மறைந்துவிட்டதாக 2017 இல் ஆய்வு வெளியானது.

இரண்டாம் கவலை: குடிநீர்

இத்தீவுகளில் ஆறு இல்லை, ஏரி இல்லை. பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, கீழே உள்ள கடல்நீரின்மேல் ஒரு மெல்லிய நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. நன்னீர் கடல்நீரைவிடச் சற்று இலேசானது என்பதே இதற்குக் காரணம். கோட்பாட்டின்படி, கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும். இதை மறுபுறமாகவும் கணக்கிடலாம்: இறைத்து இறைத்து மேலே ஓர் அடி குறைந்தால், கீழேயிருந்து கடல்நீர் 40 அடி ஏறும்.

சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரத்தில் அளவுக்கு மீறி நீர் இறைத்ததால், கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பாயின. அகன்ற நிலப்பகுதியிலேயே இந்நிலை என்றால், ஒரு கரையிலிருந்து மறுகரைக்குச் சில நிமிடங்களில் நடந்துவிடக்கூடிய தீவின் நிலையை எளிதில் உணரலாம். விடுதிக் கழிவுநீர் மணலுக்குள் இறங்கினாலும் இதே படலம்தான் கெடும்.

கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் இங்கு உண்டு. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2005 இல் கவரத்தியில் அமைத்த நிலையம், நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் நீர் தரும் அளவினது. பின்னர் மினிக்காயிலும் அகத்தியிலும் இத்தகைய நிலையங்கள் வந்தன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். விடுதி அறை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 500 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், 370 அறைகளுக்கு 1,85,000 லிட்டர் தேவை. இது கவரத்தி நிலையம் போன்ற ஏறத்தாழ இரண்டு நிலையங்களின் முழு உற்பத்தி. குளம், தோட்டம், பணியாளர் தேவை ஆகியவை இதில் சேரவில்லை.

மூன்றாம் கவலை: நிலமும் கரையும்

2021 ஏப்ரலில் இலட்சத்தீவு வளர்ச்சி ஆணைய ஒழுங்குவிதியின் வரைவு வெளியானது. எந்தப் பகுதியையும் திட்டப் பகுதியாக அறிவிக்கவும், அங்கு நிலத்தைக் கையகப்படுத்தவும் நிர்வாகத்துக்கு அவ்வரைவு அதிகாரம் அளித்தது. தென்னையும் வீடும் உள்ள சிறு துண்டு நிலத்தையே நம்பியிருப்போருக்கு இது பெரும் அச்சத்தைத் தந்தது. அதே காலத்தில், மீனவர்கள் படகும் வலையும் வைக்கக் கரையோரம் போட்டிருந்த கொட்டகைகள் கடலோரச் சட்டத்தைக் காட்டி இடிக்கப்பட்டன. கரையில் மீனவர் கொட்டகைக்கு இடமில்லை, விடுதிக் குடிலுக்கு மட்டும் இடம் உண்டா என்ற கேள்வி இதிலிருந்தே எழுந்தது.

2021 மே 31 அன்று கேரளச் சட்டமன்றம் தீவு மக்களுக்கு ஆதரவாக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜூன் 7 அன்று தீவு மக்கள் 12 மணி நேர உண்ணாநிலைப் போராட்டம் நடத்தினர். 2024 இல் பண்டாரம் நிலங்கள் பற்றிய சிக்கல் எழுந்தது. இவை முன்பு கண்ணூர் அரக்கல் அரச குடும்பத்துக்கு உரியனவாக இருந்து, தலைமுறைகளாகத் தீவு மக்கள் குத்தகையில் அனுபவித்து வரும் நிலங்கள். இவற்றை அரசு மீட்டெடுக்க முயன்றபோது வழக்கு கேரள உயர்நீதிமன்றத்துக்குச் சென்றது.

மக்கள் குடியிருப்பு இல்லாத தீவு என்பதால் சுகேலி யாருக்கும் பயன்படாத தீவு என்று கருதிவிட முடியாது. கவரத்தி மீனவர்கள் பருவந்தோறும் அங்கு சென்று தங்கி மீன்பிடிக்கின்றனர். பச்சை ஆமைகள் முட்டையிடும் கரையும் அங்கு உள்ளது.

நிர்வாகத்தின் வாதமும் மாலத்தீவு ஒப்பீடும்

தீவுகளில் வேலைவாய்ப்பு குறைவு என்பதும், அரசுப் பணியையும் மீன்பிடியையும் தென்னையையும் விட்டால் வேறு வழி அரிது என்பதும் உண்மை. உயர் சிகிச்சைக்குக் கொச்சிக்குத்தான் செல்ல வேண்டியுள்ளது. உயர்தரச் சுற்றுலா வந்தால் வருமானமும் போக்குவரத்தும் பெருகும், குறைந்த பயணிகளிடமிருந்தே மிகுந்த வருவாய் கிடைக்கும் என்று திட்டத்தை ஆதரிப்போர் கூறுகின்றனர். தீவு மக்களிலும் சுற்றுலாவை அடியோடு வேண்டாம் என்போர் குறைவே.

ஆனால் மாலத்தீவோடு ஒப்பிடும்போது ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. மாலத்தீவில் ஏறத்தாழ 1,190 தீவுகள், சுமார் 300 சதுர கிலோமீட்டர் நிலம். மக்கள் வாழாத தனித்தீவு ஒவ்வொன்றிலும் ஒரு விடுதி என்ற முறையில் அங்குத் தொழில் வளர்ந்தது. இலட்சத்தீவின் நிலம் அதில் ஒன்பதில் ஒரு பங்குகூட இல்லை. மினிக்காயும் கட்மத்தும் மக்கள் நெருங்கி வாழும் தீவுகள். அங்கு விடுதியும் ஊரும் ஒரே காயலையும் ஒரே நன்னீர்ப் படலத்தையும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

சட்டத்தின் நிலை

கடற்கரைகளைக் காக்க வேண்டும் என்று பிரதமர் இந்திரா காந்தி 1981 இல் கடலோர மாநிலங்களுக்கு எழுதிய கடிதம் தொடக்கமாக அமைந்தது. 1991 பிப்ரவரி 19 அன்று கடற்கரை ஒழுங்காற்று மண்டல அறிவிக்கை வந்தது. 2011 ஜனவரியில் அந்தமான் நிக்கோபார், இலட்சத்தீவு ஆகியவற்றுக்குத் தனியாகத் தீவுப் பாதுகாப்பு மண்டல அறிவிக்கை வெளியானது.

அகத்தியில் விதிகளை மீறி நடந்த ஒரு விடுதி பற்றிய வழக்கில், 2012 மே மாதம் உச்ச நீதிமன்றம் நீதிபதி ஆர்.வி. இரவீந்திரன் தலைமையில் வல்லுநர் குழுவை அமைத்தது. தீவுகளுக்கான ஒருங்கிணைந்த மேலாண்மைத் திட்டங்களை ஆராய்ந்த அக்குழு, வளர்ச்சிப் பணிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது.

முடிவெடுப்பது யார்?

மூன்று கவலைகளுக்கும் அடியில் இருப்பது இக்கேள்விதான். இலட்சத்தீவுக்குச் சட்டமன்றம் இல்லை. அரசமைப்பின் 240 ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஒழுங்குவிதிகளை இயற்றுகிறார். ஒன்றிய அரசு நியமிக்கும் நிர்வாகி ஆட்சியை நடத்துகிறார். மக்களுக்கு உள்ளவை ஒரு மக்களவை உறுப்பினர் இடமும் ஊராட்சிகளும் மட்டுமே. ஆகவே ஊராட்சியைக் கேட்காமல் எடுக்கப்படும் முடிவு, மக்களையே கேட்காமல் எடுக்கப்படும் முடிவாகிவிடுகிறது.

ஒரு விடுதி நட்டமடைந்தால் நிறுவனம் வேறு கடற்கரைக்குப் போய்விடலாம். காயல் கெட்டால் தீவு மக்களுக்குப் போக வேறு தீவு இல்லை. எத்தனை அறைகள் என்பதைக் காயலின் தாங்குதிறனை அளந்தபின் முடிவு செய்வதும், குடிநீரும் கழிவும் பற்றிய கணக்கை முன்கூட்டியே மக்கள்முன் வைப்பதும், தீவு மக்களே நடத்தும் சிறு தங்குமனைகளுக்கு முதலிடம் தருவதும் இதனால்தான் இன்றியமையாதவை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதிகளைப் பார்த்துப் பழகிய நமக்கும் இது அயல் செய்தி அன்று. 2019 அறிவிக்கை, மக்கள் நெருக்கம் மிகுந்த கடலோர ஊர்ப்பகுதிகளில் கட்டடம் கட்டக்கூடாத எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்துள்ளது. கரையில் வலை உலர்த்தும் இடம் யாருடையது என்ற கேள்வி தமிழகக் கரைக்கும் பொருந்தும்.