கரூர் மண்ணுக்கடியில் ரோமாபுரி

தமிழகத்தின் கரூர் என்றதும் இன்று நினைவுக்கு வருவன பேருந்துக் கூண்டு கட்டும் பட்டறைகளும் துணி ஏற்றுமதியும்தான். அந்நகரத்தின் அடியில் சங்க காலச் சேரர்களின் கருவூர் உறங்குகிறது என்பர் அறிஞர் பலர்.

சான்று என்ன? அமராவதி ஆற்று மணலில் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய ரோமப் பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் கிடைத்துள்ளன. 1970களில் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் ரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் வெளிப்பட்டன. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமியும் இவ்வூரைச் சேரர் தலைநகராகக் குறிப்பிடுகிறார். மிளகுக்கும் கொங்கு நாட்டுப் பச்சைக்கல்லுக்கும் ரோமர் கொடுத்த விலையே அக்காசுகள்.

அருகிலுள்ள புகழூர்க் குகையில், கருவூர்ப் பொன்வணிகர் ஒருவரின் கொடை தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அத்தொழிலின் தடயம் நம் தீபகற்பத்திலும் உண்டு! தென் தாய்லாந்தின் குலோங் தோமில் கிடைத்த பொன் உரைகல்லில் ‘பெரும்பதன்’ என்ற பெயர் தமிழியிலேயே உள்ளது.

ஆனால், மக்கள் வாழும் நகரைத் தோண்டுவது எளிதன்று. வீடுகளுக்கிடையே ஆய்வாளருக்குக் கிடைப்பன சில குழிகளே. கட்டடத்திற்கு அஸ்திவாரம் பறிக்கும்போது மண்ணடுக்குகள் கலைந்துவிடுகின்றன. பிறகு காசு கையில் கிடைத்தாலும், அது எந்த அடுக்கில், எதனோடு கிடந்தது என்ற செய்தி தொலைந்துபோகிறது.

கெடா பூஜாங் பள்ளத்தாக்கின் 11ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டுக்காக இடிக்கப்பட்ட செய்தி 2013இல் வெளியானதை நாம் மறக்கலாகாது. 1587இல் போர்த்துகீசியர் அழித்த ஜொகூர் லாமாவும் நம் ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. தோண்டுமுன் ஆராய வேண்டும் என்று கேட்கும் குரல் மாணவர்களாகிய நம்மிடமிருந்தே எழட்டும்.