புயல் எச்சரிக்கைக்குப் பின்னால் ஒரு தூங்காத கப்பல்: ஆராய்ச்சிக் கப்பலின் முதல் பயணத்தில் என்னதான் நடக்கும்?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது மலை மட்டும்தான். கடலைப் பார்க்கணும் என்றால் புதுச்சேரி பக்கம் சுமார் 100 கி.மீ. போகணும். அப்படிப்பட்ட ஊருக்கும், நடுக்கடலில் நிற்கும் ஓர் ஆராய்ச்சிக் கப்பலுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கு. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள், டிசம்பர் 1ஆம் தேதி, திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின் மேல் விழுந்தன. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் உயிரிழந்தனர். கிரிவலம் வருபவர்கள் சுற்றி வரும் அதே மலை. அந்த மழையைக் கொண்டுவந்தது வங்கக்கடல்.

அந்தக் கடலுக்குள் என்ன நடக்கிறது என்பதை அளந்து சொல்ல ஆட்கள் வேணும். அவர்கள் தங்கி வேலை செய்ய ஒரு கப்பலும் வேணும். அந்தக் கப்பலில் வாழ்க்கை எப்படி இருக்கும்? குறிப்பாக, புதுக் கப்பல் முதல்முறையாகக் கிளம்பும்போது என்ன நடக்கும்? விரிவாகப் பார்க்கலாம்.

சாட்டிலைட் இருக்கே, அப்புறம் கப்பல் எதுக்கு?

நிறைய பேருக்கு வரும் சந்தேகம் இது. சாட்டிலைட்டால் கடலின் மேல்பரப்பு வெப்பநிலையைத்தான் பார்க்க முடியும். ஆனால் புயலுக்குத் தீனி போடுவது மேல்தோல் மட்டும் இல்லை. அதற்குக் கீழே பல மீட்டர் ஆழத்துக்கு இருக்கும் வெந்நீர் அடுக்கும் சேர்ந்துதான்.

புயல் கடலைக் கலக்கும்போது கீழே இருக்கும் தண்ணீர் மேலே வரும். அது குளிர்ந்த நீராக இருந்தால் புயலின் வேகம் குறையலாம். அதுவும் சூடாகவே இருந்தால் புயலுக்கு இன்னும் பலம். வங்கக்கடலில் கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி போன்ற ஆறுகள் கொட்டும் நன்னீர், உப்பு குறைவான ஒரு அடுக்காக மேலே மிதக்கிறது. இதனால் மேல் தண்ணீரும் கீழ்த் தண்ணீரும் எளிதில் கலப்பதில்லை. எனவே வெப்பநிலையோடு உப்பின் அளவும் தெரியணும்.

இதற்குத்தான் கடலில் நங்கூரமிட்ட மிதவைகள் இருக்கின்றன. தானாகவே மூழ்கி, 10 நாட்களுக்கு ஒருமுறை மேலே வந்து தகவல் அனுப்பும் ஆர்கோ மிதவைகளும் இருக்கின்றன. உலகம் முழுக்க இப்படிச் சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள் வேலை செய்கின்றன. ஆனால் மிதவை தானாகக் கடலுக்குள் போய் உட்காராது. அதைக் கொண்டுபோய் இறக்க, பழுதானால் சரிசெய்ய, அது சொல்லும் அளவு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க, கப்பல்தான் போகணும்.

ஃபெஞ்சல் சமயத்தில் அது புயலாக மாறுமா, மாறாதா என்று சில நாட்கள் இழுபறியாக இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். கடலைப் பற்றிய தகவல் எவ்வளவு கிடைக்கிறதோ, அந்த அளவுக்குக் கணிப்பில் இருக்கும் சந்தேகம் குறையும்.

இந்தியாவிடம் இருக்கும் கப்பல்கள் எவை?

ஜெர்மனியில் கட்டப்பட்டு 1983ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தது 'சாகர் கன்யா'. 40 ஆண்டுகளைத் தாண்டிய மூத்த கப்பல் இது. அடுத்தது, சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் இயக்கும் 'சாகர் நிதி'. இத்தாலியில் கட்டப்பட்டு 2008இல் சேவைக்கு வந்தது. நீளம் 104 மீட்டர்.

மூன்றாவதாக ஒரு புதுக் கப்பலும் வருகிறது. கோவாவில் இருக்கும் தேசிய துருவ மற்றும் பெருங்கடல் ஆராய்ச்சி மையத்துக்காக, கொல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் கட்டும் நிறுவனம் இதைக் கட்டுகிறது. 2024 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மதிப்பு சுமார் 840 கோடி ரூபாய். நீளம் 89.5 மீட்டர். இந்தக் கப்பலும் ஒருநாள் தன் முதல் பயணத்தைத் தொடங்கும்.

முதல் பயணத்தில் என்ன ஸ்பெஷல்?

புது பைக் வாங்கினால் முதல் சர்வீஸ் வரை பார்த்துப் பார்த்து ஓட்டுவோமே, கிட்டத்தட்ட அதேதான். முதல் பயணத்தில் பெரிய கண்டுபிடிப்புகளை யாரும் எதிர்பார்ப்பதில்லை. கப்பலை நம்பலாமா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

கருவிகளை ஆழத்துக்கு இறக்கும் இரும்புக் கயிறு புதுசாக இருந்தால் அதில் முறுக்கு இருக்கும். ஆழ்கடலில் முழு நீளத்துக்கும் இறக்கி, முறுக்கு எடுத்து, மறுபடியும் இழுத்துச் சுற்றணும். கடலடியை ஒலி அலையால் வரைபடமாக்கும் கருவி நேராகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, ஒரே பாதையில் போய்விட்டு அதே பாதையில் திரும்பி வரணும். இரண்டு படமும் பொருந்தவில்லை என்றால், கருவியின் கோணத்தில் எவ்வளவு பிசகு இருக்கிறது என்று கணக்குப் போட்டுத் திருத்தணும்.

கப்பலைக் கட்டிய நிறுவனத்தின் பொறியாளர்களும் இந்தப் பயணத்தில் கூடவே வருவது வழக்கம். எங்கே சத்தம் வருகிறது, எங்கே தண்ணீர் கசிகிறது, எந்தக் கதவு இறுகிக்கொள்கிறது என்று பட்டியல் போட்டுக்கொண்டே இருப்பார்கள்.

கரை மறைந்ததும் முதல் 48 மணி நேரம்

முதலில் வருவது பாதுகாப்புப் பயிற்சி. 7 சின்ன ஒலி, அதைத் தொடர்ந்து ஒரு நீண்ட ஒலி. இது கேட்டால் தூக்கத்தில் இருந்தாலும் லைஃப் ஜாக்கெட்டோடு சொன்ன இடத்துக்கு ஓடணும். பேராசிரியர், மாணவர், சமையல்காரர் என்ற வித்தியாசமே கிடையாது. தலையை எண்ணுவார்கள்.

அடுத்து வாந்தி. உள்காது "ஆடுகிறோம்" என்கிறது. கண் "இல்லையே, அறை அப்படியேதானே இருக்கு" என்கிறது. மூளை குழம்பிப்போவதால் வருவதுதான் கடல் மயக்கம். மாத்திரை உண்டு. மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாலும் கொஞ்சம் அடங்கும். பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் பழகிவிடும். அதுவரை பிஸ்கட்டும் தண்ணீரும்தான்.

மூன்றாவது, கட்டுவது. மைக்ரோஸ்கோப், லேப்டாப், கண்ணாடிப் புட்டி, நாற்காலி என எல்லாவற்றையும் மேசையோடும் சுவரோடும் சேர்த்துக் கட்டணும். புதுக் கப்பலில் எந்தப் பொருளைக் கட்ட மறந்தோம் என்பதை முதல் பெரிய அலை சொல்லிக்கொடுத்துவிடும்.

ஞாயிறு லீவு உண்டா?

கிடையாது. ஆழ்கடல் ஆராய்ச்சிக் கப்பலை ஒருநாள் ஓட்டுவது பெரும் செலவு. அதனால் 24 மணி நேரமும் வேலை நடக்கும். கப்பலை ஓட்டும் அதிகாரிகளுக்குப் பொதுவாக 4 மணி நேரம் வேலை, 8 மணி நேரம் ஓய்வு என்ற முறை. நள்ளிரவு 12 முதல் 4 வரை ஒருவர், 4 முதல் 8 வரை இன்னொருவர், இப்படியே சுற்றும். விஞ்ஞானிகள் பெரும்பாலும் 12 மணி நேர ஷிப்ட்.

எங்கே போய் எதை அளக்கணும் என்று சொல்பவர் தலைமை விஞ்ஞானி. அங்கே போவது பாதுகாப்பா, இல்லையா என்று முடிவெடுப்பவர் கேப்டன். கேப்டன் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டால் அத்தோடு முடிந்தது. எவ்வளவு பெரிய ஆய்வாக இருந்தாலும் திரும்பித்தான் ஆகணும்.

ராத்திரி 3 மணிக்கு டெக்கில் என்ன வேலை?

'ஸ்டேஷன்' வந்தாச்சு என்று மைக்கில் அறிவிப்பு வரும். ஸ்டேஷன் என்றால் கட்டடம் எதுவும் இல்லை. வரைபடத்தில் குறித்து வைத்த ஒரு புள்ளி, அவ்வளவுதான். கப்பல் அங்கே நகராமல் நிற்கணும். ஆழ்கடலில் நங்கூரம் போட முடியாது. எனவே கீழே இருக்கும் உந்திகளைக் கம்ப்யூட்டர் மாற்றி மாற்றி இயக்கி, கப்பலை ஒரே இடத்தில் நிறுத்தி வைக்கும். சாகர் நிதியில் இந்த வசதி இருக்கு.

பிறகு 'சிடிடி' என்ற கருவியை இறக்குவார்கள். உப்பு, வெப்பநிலை, ஆழம் ஆகிய மூன்றையும் இறங்க இறங்க அளக்கும் கருவி இது. அதைச் சுற்றி வட்டமாகத் தண்ணீர் பிடிக்கும் உருளைகள். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இறக்கினால் 3,000 மீட்டருக்குப் போகவே 50 நிமிடம். மேலே வரும்போது ஒவ்வொரு ஆழத்திலும் நிறுத்தி ஒரு உருளையை மூடணும். ஆக மொத்தம் 2 மணி நேரத்துக்கு மேல்.

உருளை டெக்குக்கு வந்ததும் அவசரம் தொடங்கும். முதலில் ஆக்சிஜன் அளக்கத்தான் தண்ணீர் பிடிக்கணும். காற்று பட்டால் அளவு மாறிவிடும் என்பதே காரணம். உப்பு பார்க்க வேண்டிய புட்டி கடைசியில். வெளியே புழுக்கம், ஆனால் ஆழத்திலிருந்து வந்த தண்ணீர் ஐஸ் தண்ணீர் மாதிரி இருக்கும். விரல் மரத்துப்போகும். எந்தப் புட்டி எந்த ஆழம் என்று ஒருவர் உரக்கப் படிக்க, இன்னொருவர் எழுதுவார். அரைத்தூக்கத்தில் ஒரு எண் மாறினாலும் அந்த 2 மணி நேரமும் வீண்.

இதில் ஒரு ஜாலியும் உண்டு. தெர்மோகோல் கப்பில் பெயர் எழுதி, படம் வரைந்து, பையில் போட்டு கருவியோடு கீழே அனுப்புவார்கள். 3,000 மீட்டரில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் சுமார் 300 மடங்கு. போன கப் கைக்குள் அடங்கும் குட்டிக் கப்பாகத் திரும்பும். முதல் பயணத்துக்கு வந்தவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகும் நினைவுப் பொருள் இதுதான்.

சாப்பாடு, தண்ணீர், நடை

உணவு நேரம் துல்லியமாக இருக்கும். தட்டு நழுவாமல் இருக்க மேசைவிரிப்பை லேசாக நனைத்துப் போடுவதும் உண்டு. முதலில் தீர்ந்துபோவது கீரை. பிறகு தக்காளி. கடைசி வரை கூட வருவது உருளைக்கிழங்கும் வெங்காயமும்தான். குடிக்க, குளிக்க, கடல் நீரிலிருந்து உப்பை நீக்கி எடுக்கும் தண்ணீர். சுற்றிலும் தண்ணீர் இருந்தாலும் குழாயை அளந்துதான் திறக்கணும்.

சாட்டிலைட் வழியாக இன்டர்நெட் கிடைத்தாலும், கரையில் இருப்பதைப்போல் தாராளமாகக் கிடைக்காது. வீட்டில் என்ன விசேஷம், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் தாமதமாகத் தெரியவரும். தெரிந்தாலும் உடனே இறங்கி ஓட முடியாது. கப்பல் வாழ்க்கையில் கஷ்டமான விஷயம் இதுதான்.

நடக்கவும் இடம் குறைவு. கிரிவலத்தின் 14 கி.மீட்டரை சாகர் நிதி நீளத்துக்கு நடந்து முடிக்கணும் என்றால், முனையிலிருந்து முனைக்குச் சுமார் 135 தடவை நடக்கணும்.

150 ஆண்டுக்கு முன்பு எப்படி இருந்தது?

இப்படி உலகம் சுற்றிய முதல் பெரிய கடல் ஆராய்ச்சிப் பயணம் பிரிட்டனின் 'சேலஞ்சர்' கப்பலுடையது. போர்க்கப்பலாக இருந்ததில் பெரும்பாலான பீரங்கிகளைக் கழற்றிவிட்டு ஆய்வகம் அமைத்தார்கள். 1872 டிசம்பர் 21ஆம் தேதி போர்ட்ஸ்மவுத்திலிருந்து கிளம்பியது. திரும்பியது 1876 மே மாதம். கடந்த தூரம் சுமார் 68,890 கடல் மைல். உலகுக்குத் தெரியாத சுமார் 4,700 உயிரினங்களை அந்தப் பயணம் காட்டிக்கொடுத்தது.

விஞ்ஞானிகளுக்கு ஒவ்வொரு வலையும் அதிசயம். மாலுமிகளுக்கோ நாள் முழுக்கக் கயிறு இழுக்கும் அலுப்பு. பொறுக்க முடியாமல் வழியில் துறைமுகங்களில் இறங்கி ஓடிப்போனவர்களே பல பேர். இன்று கயிற்றை மோட்டார் இழுக்கிறது. ஆனால் ஒரே வேலையை நூறு தடவை அலுக்காமல் செய்யணும் என்பது மட்டும் மாறவில்லை.

கடைசியில் கரைக்கு வருவது என்ன?

முதல் பயணம் முடிந்து வரும் கப்பலில் பரபரப்பான செய்தி எதுவும் இருக்காது. பழுதுப் பட்டியல், சரிபார்த்த கருவிகள், எண்கள் நிறைந்த கோப்புகள், குட்டிக் கப்புகள். அவ்வளவுதான். ஆனால் அடுத்த பயணத்தில் இறக்கும் மிதவையை நம்பலாம் என்றால், அதற்குக் காரணம் இந்தப் பயணம்தான்.

இங்கே ஒன்றைச் சேர்த்துச் சொல்லணும். கடலை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும், எந்தச் சரிவு எப்போது இறங்கும் என்று கப்பல் சொல்லாது. மலை அடிவாரத்தில் எங்கே வீடு இருக்கலாம், மழை கொட்டும்போது யாரை எப்போது வெளியேற்றணும் என்பதெல்லாம் கரையில் எடுக்க வேண்டிய முடிவு. ஆனால் அந்த முடிவை எடுக்க ஒருநாள் முன்கூட்டியே நேரம் கிடைப்பது பெரிய விஷயம். அந்த ஒருநாளுக்காகத்தான் நடுக்கடலில், ராத்திரி 3 மணிக்கு, மரத்துப்போன விரலோடு ஒருவர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறார்.