பின்னால் இருப்பவருக்கும் ஒரு தலைக்கவசம்

மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றிக் கூலி வாங்குவது கொழும்பில் இன்று ஒரு தொழில். வெள்ளவத்தைக் காலி வீதியில் நின்றாலும் கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் நின்றாலும், கைத்தொலைபேசியில் பிக்மீ, ஊபர் வழியாக அழைத்தால் வண்டி வந்து நிற்கிறது. ஓட்டோவை விடக் கூலி குறைவு. நெரிசலிலும் புகுந்து போய்விடும்.

காணியையும் வயலையும் விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைக்கு, லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள்தான் இப்போது காணி. வயலில் ஒரு போகம் பிழைத்தால் மறு போகத்தைப் பார்க்கலாம். இங்கே வண்டி நொறுங்கினாலும் மாதத் தவணை நிற்காது. ஓட்டுபவன் படுக்கையில் விழுந்தால் வீட்டில் அடுப்பெரியாது. ஆகவே இதை வீட்டுக் காரியமாகவே நாம் பேச வேண்டியிருக்கிறது.

ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது சட்டம். ஓட்டுபவர் நல்லதை அணிகிறார். பின்னால் இருப்பவருக்குக் கிடைப்பதோ பல வேளைகளில் பட்டி அறுந்த பழையது. பொலிஸாருக்குக் காட்ட அது போதும், தலைக்குப் போதாது. தலைக்கவசத்தின் வெளி ஓடு அடியைப் பரப்புகிறது. உள்ளே இருக்கும் ரெஜிபோம் நசுங்கி அதன் வேகத்தைத் தாங்கிக்கொள்கிறது. ஒருமுறை நசுங்கிய ரெஜிபோம் மீளாது. எனவே விபத்தில் அடிபட்ட தலைக்கவசத்தை, வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும், எறிந்துவிட வேண்டும். நாடியின் கீழ் பட்டி பூட்டாவிட்டால், நாம் விழுமுன் தலைக்கவசம் கழன்று விழுந்துவிடும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த மதிப்பீடு, தலைக்கவசத்தால் மரண ஆபத்து 42 வீதமும் தலைக்காய ஆபத்து 69 வீதமும் குறைவதாகக் கூறுகிறது.

பலர் போட்ட தலைக்கவசம் வியர்வை நாறும், பேன் தொற்றும் என்று பெண்கள் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம்தான். மெல்லிய பருத்தித் துணியொன்றைக் கைப்பையில் வைத்திருந்து தலையில் கட்டியபின் அணியலாம்.

உகண்டாவில் இவ்வண்டிகளுக்குப் பெயர் 'போடா போடா'. (நம்மவர் காதில் வேறு விதமாக விழும்!) கென்ய எல்லையில் ஆள் ஏற்றிய சைக்கிள்களுக்கு, எல்லையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கம்பாலா நகரில் 2014இல் தொடங்கிய சேஃப்போடா, ஓட்டுநருக்கு வீதி விதிகளிலும் முதலுதவியிலும் பயிற்சி அளித்து, பயணிக்கென்று இரண்டாவது தலைக்கவசமும் கொடுத்தது. பத்திரமாக ஓட்டுகிறவன் என்ற பெயரே அங்கு வாடிக்கையாளரைக் கொண்டுவந்தது. எமது பிள்ளைகளும் அப்பெயரைச் சம்பாதிக்கலாம்.

தொழில் செய்யும் பிள்ளைகள் காப்புறுதிப் பத்திரத்தை ஒருமுறை எடுத்து வாசியுங்கள். சொந்தப் பாவனைக்கு மட்டும் என்றிருந்தால், கூலிக்கு ஓடும்போது நேரும் விபத்துக்குப் பணம் மறுக்கப்படலாம். முகவரிடம் இன்றே கேளுங்கள். இரவு ஓடிவிட்டு விடியவும் ஓடுவதைத் தாய்மார் தடுக்க வேண்டும். தூக்கக் கண்ணுக்குத் தலைக்கவசம் மருந்தல்ல.

ஏறுபவர்கள் இடப்பக்கத்தால் ஏறுங்கள். பெரும்பாலான வண்டிகளில் சைலன்சர் வலப்பக்கம், கால் சுட்டுவிடும். சேலைத் தலைப்பையும் சால்வையையும் இழுத்துச் செருகுங்கள். சில்லில் சிக்கினால் ஆளையே இழுத்து விழுத்தும். இருவருக்கு நடுவே பிள்ளையை வைக்க வேண்டாம்.

விபத்து நேர்ந்தால் 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இது; 2018இல் வடக்கிற்கும் வந்தது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். வண்டி வரும்வரை காயப்பட்டவரின் கழுத்தை அசைக்காதீர்கள், தண்ணீர் பருக்காதீர்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் அன்றி, தலைக்கவசத்தைக் கழற்ற வேண்டாம்.